எக்வியானோ எங்கே பிறந்தார்: பதிவேட்டை நம்புவதா, அவர் எழுத்தை நம்புவதா?

நெய்தல் எழுதியது:

அடிமையாக இருந்து விடுபட்டு, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை எதிர்த்து எழுதிய ஒலாவுடா எக்வியானோவின் தன்வரலாற்றை இரண்டாம் முறையாக வாசித்து முடித்திருக்கிறேன். முதல் வாசிப்பின்போது எனக்குத் தெரியாதிருந்த ஒரு செய்தி, இம்முறை பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வந்து நின்றது. 1759 பிப்ரவரி 9 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள புனித மார்கரெட் தேவாலயத்தில் ஒரு சிறுவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெயர் குஸ்தாவுஸ் வாசா, கறுப்பன், கரோலினாவில் பிறந்தவன், வயது 12 என்று பதிவேடு சொல்கிறது. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்து எக்வியானோ. முப்பது ஆண்டுகள் கழித்து, 1789 மார்ச்சில் அவர் லண்டனில் வெளியிட்ட இரண்டு பாகத் தன்வரலாறோ, தாம் 1745இல் ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் இக்போ மக்கள் வாழும் பகுதியில், எஸ்ஸாக்கா என்னும் ஊரில் பிறந்ததாகவும், பதினோரு வயதில், பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்த வேளையில், இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் சுவரேறிக் குதித்துத் தம்மையும் தம் சகோதரியையும் தூக்கிச் சென்றதாகவும் கூறுகிறது.

பதிவேட்டின் அந்த வரியை 1999இல் வின்சென்ட் கரெட்டா என்ற அமெரிக்கப் பேராசிரியர் எடுத்து எழுதிய நாள் முதல், வரலாற்றாசிரியர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. நூலின் புகழ் பெற்ற பகுதி அடிமைக் கப்பலின் கீழ்த்தளம்தான்: மூச்சு முட்டும் நாற்றம், சாப்பிட மறுத்ததற்காகக் கட்டிவைத்து அடித்த அடி, இந்தச் சிவந்த முகக்காரர்கள் நம்மைத் தின்றுவிடுவார்களோ என்று சிறுவன் அருகில் இருந்தவர்களைக் கேட்கும் கேள்வி. அவரைப் போலவே அடிமையாக இருந்து விடுபட்ட ஒட்டோபா குகோவானோ 1787இல் எழுதிய நூலில் அந்தப் பயணம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அதை உள்ளிருந்து விரித்துச் சொன்னவர் எக்வியானோ. அவர் அமெரிக்காவின் கரோலினாவில் பிறந்தவரானால், அந்தப் பக்கங்கள் பிறர் சொல்லக் கேட்டு எழுதியவை ஆகிவிடும். எனக்கு இதில் மனம் ஒரு பக்கமாகச் சாயவில்லை. ஆவணங்களோடு பழகிய நண்பர்கள் சொல்லுங்கள்.

ஏடகம் எழுதியது:

பதிவேடுகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பதிவேட்டில் இருப்பது, அன்று மேசைக்கு எதிரே நின்றவர் சொன்னதை எழுத்தர் காதில் வாங்கிக்கொண்ட விதம். என் தகப்பனாரின் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி, சேர்க்கையன்று தலைமையாசிரியர் தாமே போட்டது; அதை வைத்துத்தான் அவர் ஓய்வும் பெற்றார்.

அந்தச் சிறுவனை ஞானஸ்நானத்துக்கு அழைத்துப் போனவர்கள், அவனை வைத்திருந்த கடற்படை லெப்டினன்ட் மைக்கேல் ஹென்றி பாஸ்கலின் உறவினரான கெரின் சகோதரிகள். பாஸ்கல் அவனை வாங்கியது வர்ஜீனியாவில். ஆகவே ஊர்ப்பெயரைச் சொன்னவர் யார், சிறுவனா, கெரின் அம்மையாரா, அல்லது அமெரிக்கக் கரையிலிருந்து வந்தவன் என்பதை ஏதோ ஓர் ஊராக மாற்றி எழுதிக்கொண்ட எழுத்தரா என்பதற்குப் பதிவேட்டிலேயே விடை கிடையாது.

என்னைத் தயங்க வைப்பது இரண்டாவது ஆவணம். 1773இல் வடதுருவம் வழியாக ஆசியாவுக்குக் கடல்வழி உண்டா என்று பார்க்கக் கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ் தலைமையில் இரண்டு கப்பல்கள் போயின. துணைக் கப்பலில், பின்னாளில் புகழ்பெற்ற கடற்படைத் தளபதியான நெல்சன் ஒரு சிறுவனாக இருந்தார். எக்வியானோ முதன்மைக் கப்பலான ரேஸ்ஹார்ஸில், கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கும் டாக்டர் சார்லஸ் இர்விங்கின் உதவியாளராக இருந்தார். அந்தக் கப்பலின் பணியாளர் பட்டியலிலும் பிறந்த இடம் தென் கரோலினா. அப்போது அவர் சிறுவனும் அல்லர், அடிமையும் அல்லர். ஆனால் அதே பட்டியல் அவர் பெயரைக் குஸ்தாவுஸ் வெஸ்டன் என்று எழுதியிருக்கிறது. பெயரையே சரியாகப் பிடிக்காத எழுத்தர் ஊரை மட்டும் சரியாகப் பிடித்திருப்பாரா என்று கேட்கலாம். வயது 28 என்றும் இருக்கிறது. அது 1745 என்ற நூலின் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பயணத்தில்தான் அவர் நாட்குறிப்பு எழுத முனைந்து கப்பலையே கொளுத்தியிருப்பார். டாக்டரின் சரக்கறைதான் அவருக்குப் படுக்கும் இடம். சணல் கழிவும் அமிலமும் அடைத்து வைத்த அந்தப் பொந்தில், விளக்குக் கூண்டிலிருந்து மெழுகுவர்த்தியை வெளியே எடுத்தபோது ஒரு பொறி சணலில் விழுந்து குப்பென்று பற்றிக்கொண்டது. செத்தேன் என்றே நினைத்ததாக எழுதுகிறார். அதன் பிறகு கொஞ்ச நாள் அந்த அறைக்குள் மெழுகுவர்த்தி கொண்டுபோகத் தடை.

கார்முகில் எழுதியது:

ஏடகம் ஐயா எழுத்தர்மீது பழியைப் போட்டுவிட்டார். எழுத்தரே வேண்டாம், எக்வியானோவின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1745இல் பிறந்து பதினோராம் வயதில் கடத்தப்பட்டால் அது 1756. கடற்கரை வந்து சேர்வதற்குள் பல மாதங்கள் பல கைகள் மாறினேன் என்கிறார். பிறகு பார்படோஸ், வர்ஜீனியா. 1757 வசந்தத்தில் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகம். ஆனால் பாஸ்கலோடு அவர் இங்கிலாந்து வந்தது 1754 டிசம்பரில் என்று கப்பல் ஆவணங்கள் காட்டுகின்றன. அப்படியென்றால் பிறந்த ஆண்டு சரி என்று வைத்துக்கொண்டாலும், ஊரை விட்டுப் பிரிந்தபோது அவருக்கு ஏழெட்டு வயதுக்கு மேல் இருந்திருக்க முடியாது. ஏழு வயதுப் பிள்ளை தன் ஊரின் நீதிமுறை, திருமணச் சடங்கு, வேளாண்மை, நெற்றியில் தழும்பிடும் பெரியோர் வழக்கம் எல்லாவற்றையும் ஓர் அத்தியாயம் நிறைய நினைவில் வைத்திருக்குமா? அந்த அத்தியாயத்தில் அந்தோணி பெனெசெட்டின் ஆப்பிரிக்க வருணனை நூலை அவரே அடிக்குறிப்பில் காட்டுகிறார்.

பால் லவ்ஜாய் என்ற வரலாற்றாசிரியர் பிறப்பை 1742 அளவுக்குத் தள்ளி வைத்து இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். பிறகு 1759இல் பதினேழு வயதுப் பையனைப் பதிவேடு பன்னிரண்டு என்று எழுதியதற்கு வேறொரு விளக்கம் தேட வேண்டியிருக்கிறது. ஒரு நூலைக் காப்பாற்ற எத்தனை ஆவணங்களைத்தான் தவறு என்று சொல்லிக்கொண்டிருப்பது?

நெய்தல் எழுதியது:

கார்முகில், ஏழு வயதில் கேட்ட பேச்சு மறந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. நூலில் சில இக்போச் சொற்கள் சிதைந்த எழுத்துக்கூட்டலில் வருகின்றன. நெற்றித் தழும்பு உடைய பெரியவர்களுக்கு அவர் தரும் பெயரை இன்றும் இக்போ அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அதை பெனெசெட்டிடமிருந்து எடுத்திருக்க வழியில்லை. கரோலினாவில் இக்போ மக்களிடையே வளர்ந்த ஒருவருக்கும் அது தெரிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சரிதான், கேட்கலாம்.

கடலோடி எழுதியது:

பத்து வயதுக்கு முந்திய எக்வியானோவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மற்ற நாற்பது ஆண்டுகளுக்குச் சாட்சி ஏராளம். நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். எனக்கு அந்த நூல் முதலில் ஒரு கணக்கேடாகத்தான் படுகிறது, இதைக் குறையாகச் சொல்லவில்லை.

1762 டிசம்பரில் போர் முடிகிற நேரம். லூயிஸ்பர்க் முற்றுகை, லேகோஸ் விரிகுடாச் சண்டை என்று பாஸ்கலோடு ஏழாண்டுப் போர் முழுவதும் வெடிமருந்து சுமந்த இளைஞன், இனி விடுதலை என்று நம்பிக்கொண்டிருந்தான். தேம்ஸ் நதியில் டெட்ஃபோர்டு அருகே பாஸ்கல் அவனைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஜேம்ஸ் டோரன் என்ற கேப்டனிடம் விற்றுவிட்டார். சம்பளமும் போர்ப் பரிசுப் பணமும் பாஸ்கல் பையில். நான் ஞானஸ்நானம் பெற்றவன், இந்த நாட்டுச் சட்டப்படி என்னை விற்க எவருக்கும் உரிமையில்லை என்று அவன் வாதாடியபோது, நீ இங்கிலீஷ் மிகுதியாகப் பேசுகிறாய் என்றார் டோரன். அந்த வாதம் செல்லுபடியாகவில்லை, ஏனெனில் கையில் காகிதம் இல்லை. கரீபியக் கடலின் மான்செராட் தீவில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் கிங் என்ற வணிகரிடம் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து நடப்பதை அவர் எழுதும் விதத்தைப் பாருங்கள். கையிருப்பு மூன்று பென்ஸ். செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவில் அதற்கு ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கி, மான்செராட்டில் ஆறு பென்ஸுக்கு விற்றார். ஆறு பென்ஸுக்கு இரண்டு டம்ளர், விற்றுமுதல் ஒரு ஷில்லிங். பிறகு நான்கு டம்ளர். அதன்பின் இரண்டு டம்ளரும் ஒரு ஜாடி ஜின்னும். இப்படி ஒரு டாலர் சேர்ந்த கதையைக் காசு காசாகச் சொல்கிறார். சான்டா குரூஸ் தீவில் எலுமிச்சையும் ஆரஞ்சும் விற்கப் போன இடத்தில் வெள்ளையர் சிலர் மூட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு, கெஞ்சியழுத பிறகு அவருடைய இரண்டை மட்டும் திருப்பித் தந்தார்கள். உடன் வந்த முதியவரின் மூட்டை போனது போனதுதான். அவருக்குத் தன் பழத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்ததாக எழுதுகிறார். பிரித்துக் கொடுத்ததற்கும் பின்னக் கணக்கு உண்டு.

1766இல் இங்கிலாந்து நாணயத்தில் நாற்பது பவுன் சேர்ந்துவிட்டது. கிங் அவரை வாங்கிய விலையும் அதுவே. அந்தத் தொகையைக் கொடுத்தால் விடுவிப்பதாக வாக்கும் கொடுத்திருந்தார். பணத்தைக் கண்டதும் கிங் திகைத்து, இவ்வளவு சீக்கிரம் சேர்ப்பாய் என்று தெரிந்திருந்தால் வாக்கே கொடுத்திருக்க மாட்டேன் என்றாராம். அவர் வேலை பார்த்த கப்பலின் கேப்டன் தாமஸ் ஃபார்மர்தான் முதலாளியின் முதுகைத் தட்டிச் சம்மதிக்க வைத்தார். விடுதலைப் பத்திரம் எழுதப் பதிவாளர் பாதிக் கட்டணமாக ஒரு கினி வாங்கிக்கொண்டார் என்பது வரை நூலில் இருக்கிறது. பத்திரத்தையே முழுமையாக அச்சிட்டிருக்கிறார்: தீவு நாணயத்தில் எழுபது பவுன் பெற்றுக்கொண்டு விடுவிக்கிறேன் என்று ஜூலை 10 அன்று கிங் கையொப்பம், ஜூலை 11 அன்று பதிவு, எந்தப் பதிவேட்டுத் தொகுதியில் என்ற குறிப்பு.

என் கருத்து இதுதான். ஒரு காகிதம் இல்லாததால் விற்கப்பட்டு, ஒரு காகிதத்தால் விடுபட்ட மனிதர் இவர். சரிபார்க்கக்கூடிய இடத்திலெல்லாம் சரிபார்க்கச் சொல்லி நூலைத் திறந்து வைத்தவர், எவராலும் சரிபார்க்க முடியாது என்ற துணிவில் பிறப்பிடத்தை மட்டும் புனைந்திருப்பார் என்பது அவர் சுபாவத்துக்குப் பொருந்தவில்லை.

கார்முகில் எழுதியது:

சுபாவத்தை வைத்து வாதாடினால் நானும் சுபாவத்தையே எடுக்கிறேன். கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு, 1789இல் எந்தச் சரக்குக்குத் தேவை இருந்தது என்பதும் தெரிந்திருக்கும். அடிமை வணிகத்தை எதிர்த்தவர்களிடம் ஆங்கிலேயச் சாட்சிகள் போதிய அளவு இருந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏற்றப்பட்டவரின் குரல்தான் கிடைக்கவில்லை. நூல் வந்து இரண்டு மாதத்தில், மே 12 அன்று, நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் அங்கே அடிமை வணிகத்தை எதிர்த்துப் பேசுகிறார். காலம் கச்சிதமாக அமைந்தது.

இன்னொன்று. வடதுருவப் பயணத்துக்குப் பின் 1776 தொடக்கத்தில் அதே டாக்டர் இர்விங்கோடு மத்திய அமெரிக்காவின் மொஸ்கிட்டோ கரைக்குத் தோட்டம் போடப் போனபோது, ஜமைக்காவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பலில் ஏறி அடிமைகளை வாங்கியதில் இவரும் பங்கேற்றார். எல்லாரையும் தம் நாட்டவராகவே தேர்ந்தெடுத்தேன் என்று சாதாரணமாக எழுதிப் போகிறார். அந்த வாக்கியத்தை வாசித்த பிறகு, புனிதர் ஒருவரின் வாக்குமூலமாக இந்த நூலை என்னால் வாசிக்க முடியவில்லை.

நெய்தல் எழுதியது:

புனிதர் என்று இங்கே எவரும் சொல்லவில்லையே! ஆனால் அந்த வாக்கியம் எனக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அவர்களை இரக்கத்தோடு நடத்தினேன் என்கிறார். அவர் வேலையை விட்டுப் போன பிறகு வந்த வெள்ளைக் கங்காணி அடித்த அடி பொறுக்காமல், அத்தனை பேரும் ஒரு பெரிய ஓடத்தில் ஏறித் தப்ப முயன்று, ஓடம் செலுத்தத் தெரியாமல் கடலில் மூழ்கி இறந்ததையும் அவரே பதிவு செய்கிறார். தம் தந்தையும் பல அடிமைகளை வைத்திருந்தார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொன்னவர் அவர். அன்று அவருக்கு அடிமை முறை முழுவதுமே ஒழிய வேண்டியதாகத் தோன்றியிருக்கவில்லை. அந்த எண்ணம் 1780களில்தான் உறுதிப்படுகிறது. வெறும் பிரசாரத்துக்காக எழுதியவர் இந்தப் பக்கங்களை நீக்கியிருப்பார். நீக்கவில்லை.

மொழிமுற்றம் எழுதியது:

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் எல்லாரும் எக்வியானோ என்கிறோம். ஆனால் அவர் வாழ்ந்ததும், திருமணம் செய்ததும், உயில் எழுதியதும், 1788இல் அரசி சார்லட்டுக்கு விண்ணப்பம் அனுப்பியதும் குஸ்தாவுஸ் வாசா என்ற பெயரில். ஸ்வீடன் மன்னர் ஒருவரின் பெயரைப் பாஸ்கல் விளையாட்டாக இட்டது. எனக்கு ஜேக்கப் என்ற பெயரே இருக்கட்டும் என்று மறுத்துப் பார்த்துக் குட்டு வாங்கி ஏற்றுக்கொண்டது. நூலின் தலைப்பில்தான் இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன, பின்னால் ஆப்பிரிக்கர் என்ற அடைமொழியோடு. ஒலாவுடா என்பதற்கு ஏற்ற இறக்கம், நற்பேறு பெற்றவர், உரத்த குரலும் நாவன்மையும் உடையவர் என்றெல்லாம் அவர் பொருள் சொல்கிறார்.

அத்துடன், இணையத்தில் அவர் படமாகச் சுற்றிவரும் சிவப்புக் கோட்டு ஓவியம் எக்ஸிடர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது அவருடையதுதான் என்ற கருத்தை இப்போது பலரும் கைவிட்டுவிட்டார்கள். ஐயமில்லாதது நூலின் முகப்புப் படம்தான்: கையில் விரித்த விவிலியம், அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரம்.

ஏடகம் எழுதியது:

கடலோடி சொன்ன காகித விஷயத்தை நீட்டிப் பார்த்தால் சோங் வழக்குக்கு வந்து சேரும். 1781இல் சோங் என்ற அடிமைக் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்டோர் உயிரோடு கடலில் தள்ளப்பட்டார்கள். அதன் உரிமையாளர்கள் சரக்கு இழப்பு என்று காப்பீட்டுப் பணம் கேட்டு வழக்காடினார்கள். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு 1783 மார்ச் 19 அன்று அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பின் வீட்டுக்குப் போனவர் எக்வியானோ. ஷார்ப்பின் நாட்குறிப்பில் குஸ்தாவுஸ் வாசா என்ற பெயரோடு அது இருக்கிறது. காப்பீட்டுத் தகராறாக முடிந்திருக்க வேண்டியதைக் கொலை என்று உலகம் பேசத் தொடங்கியது அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான்.

1786இல் லண்டனின் கறுப்பின ஏழைகளைச் சியரா லியோனில் குடியேற்றும் திட்டம் வந்தது. (அந்த நிவாரணக் குழு முதலில் தொடங்கப்பட்டதே லண்டன் தெருவில் பசியோடு கிடந்த லஸ்கார்களுக்காக, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வந்து கைவிடப்பட்ட நம் நாட்டு மாலுமிகளுக்காக.) அதற்குப் பண்டகப் பொறுப்பாளராக எக்வியானோவை நியமித்தார்கள். வாங்கியதாகக் கணக்கில் உள்ள பொருள்கள் கப்பலுக்கு வரவில்லை என்று அவர் புகார் செய்தார். 1787 மார்ச்சில் வேலை போயிற்று. நியமன ஆணையையும் தம் விண்ணப்பத்தையும் நூலில் அச்சிட்டுவிட்டார். விடுதலைப் பத்திரத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்தார்.

கார்முகில், உங்கள் ஆண்டுக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ரேஸ்ஹார்ஸ் பட்டியலுக்கும் இல்லை. அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தார் என்று நான் நம்புவது ஆவணத்தின் பலத்தால் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல் எழுதியது:

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நம் காலத்தவர் அல்லர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1792 ஏப்ரல் 7 அன்று கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் ஊரில் சுசானா கலன் என்ற ஆங்கிலப் பெண்ணை அவர் மணந்தார். அதே மாத இறுதியில் இரண்டு லண்டன் பத்திரிகைகள், இவர் ஆப்பிரிக்கரே அல்லர், டேனிஷ் தீவான சான்டா குரூஸில் பிறந்தவர் என்று எழுதின. ஆரஞ்சு மூட்டையைப் பறிகொடுத்த அதே தீவு! நூலின் நம்பகத்தை உடைத்தால் அடிமை வணிக எதிர்ப்பு இயக்கத்தையும் உடைக்கலாம் என்ற கணக்கு. அடுத்த பதிப்புகளின் முன்னுரையில் அவர் பதில் சொன்னார்: நான் முதலில் இங்கிலாந்து வந்தபோது ஆப்பிரிக்க மொழியைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாதிருந்ததை அறிந்த பெரியோர் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மேரி கெரினை அவர் சாட்சியாகக் காட்டுகிறார். ஞானஸ்நானத்தன்று உடன் நின்ற அதே குடும்பம். ஏடகம் ஐயாவின் எழுத்தருக்கும் இவருக்கும் நடுவில் நின்ற ஆள், பிற்காலத்தில் இவர் பக்கம் நிற்பதாக அச்சில் வந்துவிட்டது. கார்முகிலுக்கு இது போதாது என்று தெரியும்.

பதிப்புரிமையை எவருக்கும் விற்காமல் தம் பெயரிலேயே பதிந்துகொண்டு, முன்பணச் சந்தா சேர்த்து வெளியிட்ட நூல் அது. வேல்ஸ் இளவரசர் பெயர் சந்தாதாரர் பட்டியலின் தலையில் இருக்கிறது. அயர்லாந்தில் மட்டும் எட்டரை மாதம் ஊர் ஊராகப் போய் 1900 பிரதிகள் விற்றார். வாழ்நாளில் ஒன்பது பதிப்புகள். 1797 மார்ச் 31இல் இறந்தார். அடிமை வணிகத்தைத் தடைசெய்த 1807ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்கவில்லை. சுசானா அவருக்கு முந்திய ஆண்டே, 1796இல், போய்விட்டார். இளைய மகள் ஜொவானாவுக்கு 1816இல், இருபத்தொரு வயது நிறைந்தபோது, தந்தையின் சொத்தாக 950 பவுன் கிடைத்தது.

மூத்த மகள் அன்னா மரியா தந்தை இறந்து நான்கு மாதம் முடிவதற்குள் இறந்துபோனாள். கேம்பிரிட்ஜ் செஸ்டர்ட்டனில் புனித அந்திரேயா தேவாலயத்தின் வெளிச்சுவரில் அவளுக்கு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கரான குஸ்தாவுஸ் வாசாவின் மகள், 1797 ஜூலை 21இல் இறந்தாள், வயது 4 என்று அதில் வெட்டியிருக்கிறது. கீழே உள்ள செய்யுள், தன் பிறந்த மண்ணிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டவர் என்று அவள் தந்தையைச் சொல்கிறது. ஏடகம் ஐயா, அவள் பிறந்தது 1793 அக்டோபர் 16. கல்லில் உள்ள வயதுக்கு இன்னும் மூன்று மாதம் குறைகிறது.